தோட்டத்துக்குள் ஒரு தோட்டம்

கொழும்பில் என் அயல்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மொட்டைமாடியில் பழைய எண்ணெய்க் கேன்களை அறுத்துவைத்து, அவற்றில் கத்தரியும் வெண்டியும் வளர்ப்பவர். மாலை வேளைகளில் நீர் ஊற்றியபடியே என்னோடு பேசிக்கொண்டிருப்பார். சென்ற மாதம் ஒருநாள், "நீங்கள் மலைநாட்டுக்காரர் அல்லவா, உங்கள் வீட்டில் தோட்டம் இருந்ததா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்குத் தோட்டம் இருக்கவில்லை ஐயா, தோட்டத்துக்குத்தான் நாங்கள் இருந்தோம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கவைக்க முயன்றதில் ஒரு மணி நேரம் கடந்துவிட்டது. அன்று சொல்லி முடிக்காததை இங்கே எழுதிவைக்கிறேன்.

மலையகத்தில் 'தோட்டம்' என்றால் தேயிலைத் தோட்டம்தான். 'எந்தத் தோட்டம்?' என்று ஒருவரைக் கேட்டால், அவர் எந்த ஊர் என்று கேட்பதாகப் பொருள். சொல்லையே கம்பனி எடுத்துக்கொண்டுவிட்டதால், வீட்டின் பின்னால் நாலு பாத்தி போட்டு வளர்ப்பதற்கு வேறு பெயர் தேவைப்பட்டது. எங்கள் பக்கத்தில் அது மரக்கறித் தோட்டம். அளவைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். லயத்தின் பின்சுவருக்கும் மேட்டுக்கும் இடையில் ஒரு துண்டு, பீலிக்கரை ஓரத்தில் ஒரு துண்டு, தேயிலை வைக்க முடியாத கற்பாறைச் சரிவில் இன்னொரு துண்டு. வட்டகொடைப் பக்கத்து லயங்களுக்கு இன்னுமொரு வசதி இருந்தது. இரயில் பாதையோரத்து ஒதுக்கு நிலத்திலும் சிலர் துணிந்து கொத்திவிடுவார்கள். கோச்சியில் போகிற பயணிகள் யன்னல் வழியாகப் பார்த்து, 'எவ்வளவு அழகாகக் கோவா வைத்திருக்கிறார்கள்' என்று வியந்திருப்பார்கள். அந்தக் கோவாவின் நிலம் புகையிரதத் திணைக்களத்துடையது. அதற்கு மேலே உள்ள நிலம் கம்பனியுடையது. வைத்தவனுக்கு அந்தக் கோவா மட்டுமே சொந்தம்.

இந்தத் துண்டு நிலங்கள் எப்போது தோன்றின என்று எந்த ஆவணத்திலும் தனியே எழுதிவைக்கப்படவில்லை. ஆனால் ஓரளவு ஊகிக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து முதல் தொழிலாளர்கள் வந்த ஆண்டாக 1823 குறிக்கப்படுகிறது. அது கோப்பிக் காலம். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் கால்நடையாக வந்து, பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். வந்தவர்களில் ஆண்களே அதிகம். அடுத்த பருவத்துக்கு இருப்போமா என்று தெரியாதவன் பாத்தி கட்டுவதில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, மலை முழுவதும் தேயிலையாயிற்று. 1885இல் இரயில் பாதை நானுஓயா வரை எட்டியது. அந்தப் பாதையில் தலவாக்கலைக்கு அடுத்த நிலையந்தான் வட்டகொடை.

தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஏழெட்டு நாளைக்கு ஒரு முறை அதே மலைக்கு வந்து கொழுந்து கிள்ளியாக வேண்டும். வருடம் முழுவதும் கை தேவை, அதிலும் பெண்களின் கை தேவை. ஆகவே குடும்பம் குடும்பமாகத் தங்கவைக்கவேண்டி வந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு என்று வரிசையாக லயங்கள் எழுந்தன. குடும்பம் தங்கிவிட்டால் குழம்பு வேண்டும். தோட்ட நிர்வாகம் அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. அரிசியோடு சேர்த்துத் தின்பதற்கு என்ன என்பது தொழிலாளியின் பாடு. மரக்கறித் தோட்டம் அந்த இடத்தில்தான் முளைத்தது என்று நான் கருதுகிறேன். தேயிலை எங்களை வேரூன்றவைத்தது. ஆனால் வேரூன்ற நிலம் தரவில்லை.

விதை எங்கிருந்து வந்தது? தாய்நாட்டிலிருந்து வந்தவர்கள் முடிச்சில் அவரையும் பூசணியும் கொண்டுவந்திருக்கக்கூடும். ஆனால் நாலாயிரம் அடிக்கு மேலே, மாலையில் பனிமூட்டம் இறங்கும் ஊரில், சமவெளிப் பயிர்கள் பிழைப்பது அரிது. என் அப்பாயி முருங்கைக் கிளையொன்றை மூன்று முறை நட்டாராம். மூன்று முறையும் அது விரல் நீளத்துக்குத் துளிர்த்து, குளிரில் கறுத்துப் போயிற்றாம். 'இந்தச் சீமை முருங்கைக்கு ஆகாத சீமை' என்று சாகும்வரை குறைப்பட்டுக்கொண்டார்.

இங்கே பிழைத்தவை வெள்ளைக்காரர்களின் மரக்கறிகள். 1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலப் பண்ணையை அமைக்க முனைந்தார். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போய்ப் புகழ்பெற்ற அதே பேக்கர். மரை, காட்டுப்பன்றி, மண்ணுக்குள் இருக்கும் புழு ஆகியவற்றிடம் தம் பயிர்கள் பட்ட பாட்டை அவர் 1855இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார். காட்டுப்பன்றி இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. அவரைப் போன்றவர்கள் தொடக்கிய கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு ஆகியவை பின்னர் ஒவ்வொரு துரை பங்களாவின் பின்புறத்திலும் இடம்பிடித்தன. அவற்றைப் பராமரித்தவர்கள் லயத்து ஆட்கள். பங்களாவில் தோட்டவேலை செய்பவரின் மடியில் நாலு நாற்று லயத்துக்கு இறங்கி வருவதைத் துரைசாணி எப்படித் தடுக்க முடியும்?

இந்த மரக்கறிகளின் பெயர்களே ஒரு வரலாற்றுப் பாடம். கோவா போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். போஞ்சி ஒல்லாந்தருடையது. கரட்டும் லீக்ஸும் ஆங்கிலேயருடையவை. எங்கள் காம்பரா போர்த்துக்கேயம், இஸ்தோப்பு ஒல்லாந்து. மூன்று ஐரோப்பிய இனத்தாரும் எங்கள் அடுப்படியில் ஒன்றாகக் கொதித்தார்கள்.

எங்கள் வீட்டுத் துண்டுக்கு வருகிறேன். லயத்தில் எங்களுடையது தொங்கல் காம்பரா, அதாவது வரிசையின் கடைசி வீடு. பக்கவாட்டிலும் சிறிது இடம் கிடைக்கும் என்பதால் தொங்கல் காம்பராவுக்கு எப்போதும் மவுசு உண்டு. பாத்தி வேலை அப்பாவுடையது. கவ்வாத்து, கான் வெட்டுதல் போன்ற ஆண்களின் வேலை கணக்குக்குக் கொடுக்கப்படுவதால், வேகமாகச் செய்தால் பிற்பகல் இரண்டு மணிக்கே முடிந்துவிடும். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும்போது ஐந்து மணியாகும். ஆகவே பகலின் எஞ்சிய வெளிச்சம் ஆணுக்குத்தான் கிடைத்தது. பின்பக்கத்து மரக்கறி ஆண்களுடையதாகவும், இஸ்தோப்புக்கு முன்னால் தகர டின்களில் வளர்ந்த பூச்செடிகள் பெண்களுடையவையாகவும் பிரிந்து போனதற்கு இதுவே காரணம் என்று பிற்காலத்தில் விளங்கிக்கொண்டேன். அப்பாவின் ஆயுதங்கள் ஒரு மம்பட்டி, தேய்ந்துபோன ஒரு கவ்வாத்துக் கத்தி. பிள்ளைகளாகிய எங்கள் பணி பீலியிலிருந்து தண்ணீர் சுமப்பதும் மாட்டுப்பட்டியிலிருந்து சாணம் அள்ளிவருவதும்.

அம்மா ஒவ்வொரு காலையும் அடுப்புச் சாம்பலை வாரிக் கோவாப் பாத்தியில் தூவுவார். பூச்சிக்காக என்று சொல்வார். அதன் முழுக் கணக்கு எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. ஒரு செய்திக்கட்டுரைக்காகத் தலவாக்கலை சென்கூம்ஸ் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றிருந்தேன். 1925இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. தேயிலைக்கு அமில மண் வேண்டும், கார அமிலக் குறியீடு 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருப்பது நல்லது என்று அங்கே விளக்கினார்கள். கோவாவுக்கும் பீட்ரூட்டுக்கும் அந்த மண் ஆகாது. அவற்றுக்குக் குறியீடு 6ஐத் தாண்ட வேண்டும். விறகுச் சாம்பல் மண்ணின் புளிப்பை முறிக்கும், அதோடு பொட்டாசியமும் தரும். அமிலம் மிகுந்த மண்ணில்தான் கோவாவின் வேர் வீங்கி முடிச்சு முடிச்சாகிச் செடி மதியத்தில் வாடி விழும். அந்த நோய்க்கும் சாம்பலே ஒரு தடை. ஒரு ஸ்டேசன் தொலைவில் விஞ்ஞானிகள் தேயிலைக்காக மண்ணைப் புளிப்பாக வைத்திருக்க ஆராய்ந்துகொண்டிருந்தபோது, லயத்துப் பெண்கள் பின்சுவருக்கும் மேட்டுக்கும் இடையே அதே மண்ணின் புளிப்பை ஒவ்வொரு பிடி சாம்பலாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தொல்லைகளுக்குக் குறைவில்லை. யூன், யூலை மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாக்கும்போது மழை மேலிருந்து பெய்யாது, பக்கவாட்டில் அடிக்கும். இரவு கட்டிய பாத்தி காலையில் கீழ்லயத்துக்காரர் வாசலில் கிடக்கும். 'உங்க மண்ணை வந்து அள்ளிக்கிட்டுப் போங்க' என்று அவர் கூப்பிடுவார். அப்பா உண்மையிலேயே கூடையோடு போய் அள்ளிவருவார். மேல்மண் அப்படிப்பட்ட செல்வம். ஈரம் நீடித்தால் உருளைக்கிழங்கு இலையில் கரும்புள்ளி விழும். மூன்று நாளில் பாத்தி முழுவதும் வெந்ததுபோல் கிடக்கும். அயர்லாந்தில் 1845இல் பெரும்பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய். நத்தைக்கு உப்பு வைப்போம். முள்ளம்பன்றிக்கு எதுவும் வைக்க முடியாது. அது கிழங்கை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு, ஒன்றிரண்டு முள்ளை நன்றிக்கடனாக விட்டுச்செல்லும். தங்கை அவற்றைச் சேர்த்து வைத்திருந்தாள்.

இன்பங்களும் இருந்தன. கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து கொண்டுவரும் மிலாறுகளில் நேரானவற்றைத் தேர்ந்து, அடுப்புக்குப் போகாமல் தப்பவைத்து, போஞ்சிக் கொடிக்கு ஊன்றுவோம். கொடி இரண்டு நாளில் அதைச் சுற்றிக்கொள்ளும். முதல் போஞ்சியைப் பறிக்கும் உரிமைக்காக எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளை எண்ணினால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அந்த முதல் பறிப்பு ஒரு வாய்க்குக்கூடக் காணாது. அம்மா அதைத் தேங்காய்ப்பூ போட்டுத் துவட்டி, ஆளுக்கு நாலு துண்டு பங்கிடுவார். சௌசௌ பந்தலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது கேட்காமலே காய்க்கும், கொடுத்துத் தீராது. அதனாலேயே அதற்கு மதிப்பில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போனால் அவர்களும் ஒரு கூடை சௌசௌவோடு எதிரே வருவார்கள். இஸ்தோப்பின் முன்னால் பால்மா டின்களில் டேலியாவும் செவ்வந்தியும் பூக்கும். பங்களா டேலியாவைவிடப் பெரிதாகப் பூத்த ஒரு வருடத்தில் அம்மா எங்களைத் தொடக்கூட விடவில்லை. பறித்துச் சாமிக்கு வைக்கவும் இல்லை. செடியிலேயே காய்ந்து உதிரும்வரை வருவோர் போவோர் பார்க்கட்டும் என்று விட்டிருந்தார்.

இவை எல்லாவற்றையும் நிர்வாகம் கண்டும் காணாமல் விட்டது. சில துரைமார் ஊக்கமும் கொடுத்தார்கள். பாத்தி வைத்திருப்பவன் குடித்துவிட்டுச் சுற்றமாட்டான் என்பது அவர்களுடைய கணக்கு. ஆனால் எழுதப்படாத ஒரு விதி இருந்தது. மூன்று மாதத்தில் பிடுங்கக்கூடியதை மட்டுமே வைக்கலாம். மரம் வைக்கக்கூடாது.

அந்த விதியை நான் ஒன்பது பத்து வயதில் அறிந்தேன். பங்களாத் தோட்டத்தில் வேலைபார்த்த ஒருவர் அப்பாவுக்குப் பேரி மரத்துக் கன்று ஒன்றைக் கொடுத்திருந்தார். மேட்டோரத்தில் வைத்த அது ஐந்தாறு வருடத்தில் கூரை உயரத்துக்கு வளர்ந்து, ஒரு மார்ச் மாதம் முதன்முறையாக வெள்ளையாகப் பூத்தது. பூத்த பிறகுதான் அது எல்லோர் கண்ணிலும் பட்டது. ஒருநாள் காலைப் பிரட்டில் கணக்கப்பிள்ளை அப்பாவைத் தனியே அழைத்து, "பெரியதுரை அந்த மரத்தை எடுத்துடச் சொல்றாரு" என்றார். காரணம் சொல்லப்படவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அன்று பிற்பகல் அதே கவ்வாத்துக் கத்தியால் அவரே கிளைகளைக் கழித்தார். அடிமரத்துக்குக் கோடரி கடன் வாங்கினார். அடிக்கட்டை அடுத்த மாதமே துளிர்த்தது. மரம் விட்டாலும் அப்பா விடவில்லை. ஒவ்வொரு துளிரையும் நகத்தால் கிள்ளியபடியே இருந்தார். எந்தத் தோட்டம் என்று எழுதவில்லை. அயல் தோட்டங்களிலும் இதே விதிதான் என்பதால், ஒன்றின் பெயரை மட்டும் சொல்வது நியாயமாகாது.

காரணத்தை நான் பின்னர் நூல்களில் தேடிக்கொண்டேன். மரம் என்பது ஒரு கோரிக்கை. போஞ்சி வைத்தவன் மூன்று மாதம் இருக்கப்போகிறான். பேரி வைத்தவன் தன் பேரப்பிள்ளையைப் பற்றி யோசிக்கிறான். அவனை எழுப்புவது கடினம்.

1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு அரிசி வரவு அற்றுப்போயிற்று. அப்போது தோட்டங்களிலும் உணவுப்பயிர் செய்யும்படி அரசே நெருக்கியது. கிழங்கு வைத்தவன் நாட்டுக்குத் தொண்டு செய்பவனானான். யுத்தம் முடிந்த மறுவருடமே, 1946இல், கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்காக அரசு எடுத்து, அங்கிருந்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. உருளவள்ளிப் போராட்டம் என்று எங்கள் மூத்தவர்கள் குறிப்பிடுவது இதைத்தான். வெளியேற மறுத்தவர்கள்மீது அத்துமீறிப் பிரவேசித்ததாக வழக்குத் தொடரப்பட்டது. அவற்றுள் 'செல்வநாயகம் எதிர் மன்னர்' என்ற வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது (இவர் தந்தை செல்வா அல்லர், தோட்டத் தொழிலாளி). அவர் காம்பராவை விட்டுப் போகாதது எவரையும் தொல்லைப்படுத்தும் நோக்கத்தால் அன்று, தமது வீட்டை இழக்காதிருக்கவே என்று பிரபுக்கள் கண்டார்கள். இலண்டன் நீதிபதிகளுக்கு விளங்கியது கொழும்பு அரசியல்வாதிகளுக்கு விளங்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்களவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

வட்டகொடையை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். அவருடைய நாவல் ஒன்றின் தலைப்பு 'வீடற்றவன்'. பத்தடிக் காம்பராவில் பிறந்து வளர்ந்து செத்துப்போகிற ஒருவனை அப்படி அழைப்பதன் நியாயம், பேரி மரத்தை வெட்டிய வீட்டுப் பிள்ளையான எனக்கு விளக்கம் இன்றியே புரிந்தது.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேர் கணக்கெடுக்கப்பட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தார்கள். என் தாய்மாமன் குடும்பம் அதில் ஏறியது. புறப்படுவதற்கு முந்திய வாரம் மாமா தமது பாத்திகளை வீடு வீடாகப் பிரித்துக்கொடுத்தார். லீக்ஸ் முற்றவில்லை, ஆறு வாரம் கழித்துப் பிடுங்குங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அத்தை ஒரு டின்னில் சாம்பலும் போஞ்சி விதையும் கலந்து மூடி, சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனார். அவர்களுக்கு நீலகிரியில் வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம் அது. அதே குளிர், அதே சரிவு. மாமா எழுதிய முதல் கடிதத்தில், விதை நன்றாக முளைத்தது, ஆனால் இங்கே போஞ்சி என்றால் ஒருவருக்கும் தெரியவில்லை, பீன்ஸ் என்கிறார்கள், கோவாவுக்கு முட்டைக்கோஸாம் என்று இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர.

எழுபதுகளின் பஞ்சத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. 1973இல் அரிசிப் பங்கீடு குறைந்தது, கோதுமை மா கிடைக்கவில்லை. 1974இல் தோட்டப்புறத்து மரண வீதம் செங்குத்தாக ஏறியது. பின்பக்கத்துப் பாத்தி அப்போது எங்களைக் காப்பாற்றியது என்று எழுத ஆசைதான். அது உண்மையாகாது. நாலு பாத்தி ஒரு குடும்பத்தின் குழம்புக்குப் போதும், வயிற்றுக்குப் போதாது. மரவள்ளி வைத்திருந்தவர்கள் சற்றுத் தாங்கினார்கள். இராக்காலத்தில் பாத்திகளுக்குக் காவல் இருக்கவேண்டி வந்தது அந்த வருடத்தில்தான். திருடியவர்கள் வெளியார் அல்லர். எங்கள் கோவாவைக் கொண்டுபோனவரை அப்பா அடையாளம் கண்டார். எவரிடமும் சொல்லவில்லை.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்து வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சியை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிசாரின் சூட்டுக்குச் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் பலியானார். அப்போது நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து ஒரு வருடந்தான். மேசையில் அமர்ந்து 7,000 ஏக்கர் என்ற எண்ணைப் பத்து முறையாவது எழுதியிருப்பேன். அந்த ஏக்கர்களுக்குள் எத்தனை லயம், ஒவ்வொரு லயத்தின் பின்னாலும் எத்தனை பாத்தி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வேலை இழப்பைப் பற்றி எழுதினோம். மண்ணை இழப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. டெவனில் மறித்து நின்றவர்கள் எதை மறித்தார்கள் என்று, லயத்தில் வளர்ந்த நானே கேட்காமல் விட்டதை இன்றும் மன்னிக்க முடியவில்லை.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளுக்குப் போனது. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். கைவிடப்பட்ட தேயிலை மலைகள் சில காடாயின, சில மரக்கறி மலைகளாயின. இப்போது வட்டகொடைப் பக்கத்தில் பலருக்கு மரக்கறி ஒரு வருமானம். மருந்தும் உரமும் அதனோடு வந்தன. 2021இல் அரசு இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்து, அதே வருடம் நவம்பரில் தடையை விலக்கியபோது, விற்பனைக்குப் பயிரிட்டவர்கள் முறிந்துபோனார்கள். மாட்டுச் சாணத்தையும் சாம்பலையும் விடாமலிருந்த சில கிழவர்களின் பின்பக்கத்துப் பாத்திகள் மட்டும் வழக்கம்போலக் காய்த்தன. அடுத்த வருடம், 2022 யூனில், உணவுத் தட்டுப்பாட்டுக்கும் எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் மருந்தாக, அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. என் அயல்வீட்டுக்காரரின் மொட்டைமாடிக் கத்தரி அந்தக் காலத்துப் பழக்கந்தான். நாட்டுக்கு வீட்டுத்தோட்டம் வேண்டும் என்று அரசு சொன்ன அந்த மாதங்களில், நாள் சம்பளக்காரர்களான கொழுந்து பறிக்கும் பெண்கள் வெள்ளிக்கிழமையும் மலைக்குப் போனார்கள். இதைச் சொன்னபோது அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். அவரைக் குறைசொல்லவில்லை என்று நான் சமாதானம் சொல்லவேண்டியதாயிற்று.

கடைசியாக ஏழு பேர்ச்சஸ். 2015க்குப் பின் தோட்டத்துக் குடும்பம் ஒன்றுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலமும் தனி வீடும் என்பது கொள்கையாயிற்று. இந்தியா முதலில் 4,000 வீடுகளுக்கு உதவியது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஒரு பேர்ச்சஸ் 272¼ சதுர அடி. ஏழு பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,906 சதுர அடி. வீடு 550 சதுர அடி என்றால், படியும் மேடும் போக ஆயிரம் சதுர அடியாவது மண்ணாக மிஞ்சும். இருநூறு வருடக் கணக்கில் இது சொற்பம் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் எங்கள் தொங்கல் காம்பராவின் மூன்று துண்டுகளையும் சேர்த்தாலும் இதில் பாதிகூட வராது.

என் தம்பி மகனுக்கு அப்படியொரு வீடு கிடைத்து ஏழு வருடமாகிறது. சாவி கிடைத்தது, காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. வரும் வரும் என்கிறார்கள். 'உறுதி' என்ற சொல்லை எங்கள் மொழி அந்தக் காகிதத்துக்கு வைத்திருப்பதை நினைத்துக்கொள்வேன். சென்ற மாதம் நான் அங்கே போயிருந்தபோது வீட்டின் பின்னால் ஒழுங்காகப் பாத்தி கட்டியிருந்தான். போஞ்சி, கரட், ஒரு வரிசை லீக்ஸ். மேட்டோரத்தில் மட்டும் ஒரு குழி வெட்டி வெறுமையாக விடப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு பைக்குள் பேரிக் கன்று, ஒட்டுக் கன்று, நுவரெலியாவிலிருந்து காசு கொடுத்து வாங்கியது.

"பெரியப்பா, உறுதி வந்த பிறகு வைக்கலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள கன்று காஞ்சிடும் போலயிருக்கு. என்ன செய்யட்டும்?" என்றான்.

ஒட்டுக் கன்று எத்தனை வருடத்தில் காய்க்கும் என்று கேட்டேன். நாலைந்து வருடம் என்றான். குழிக்குள் சாணமும் சாம்பலும் போட்டிருக்கிறானா என்று பார்த்தேன். சாணம் இருந்தது. சாம்பல் இல்லை, வீட்டில் இப்போது காஸ் அடுப்பு. பக்கத்து லயத்தில் இன்னும் விறகெரிக்கிறார்கள். அங்கே போய் ஒரு வாளி சாம்பல் வாங்கிவந்தோம். நட்டு முடித்ததும் பழைய கூரைத் தகரம் ஒன்றை வளைத்து அடிமரத்தைச் சுற்றிக் கட்டினான். முள்ளம்பன்றி பட்டையைக் கடிக்கும் என்று நான்தான் சொன்னேன்.